சம்பந்தியின் விண்கப்பல் படை

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் நமக்கு எதிரே ஆடும் கம்ப்யூட்டர் நம்மை ஏமாற்றுகிறது என்று உலகம் முழுவதும் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பொறுப்புள்ள யாராவது இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்பதால் சொல்கிறேன்: அது தவறு. கம்ப்யூட்டருக்கு ஏமாற்றத் தெரியாது. அதன் சார்பில் ஏமாற்றுபவன் நான். மாதச் சம்பளத்துக்கு, ஸ்ரீரங்கத்தில், தினமும் காலை பத்து மணியிலிருந்து.

போனில் சதுரங்கம் ஆடித் தோற்று, போனைத் தலையணைக்கு அடியில் எறிந்தவர்களே, சீட்டாட்டத்தில் அதற்கு மட்டும் எப்படி ஜோக்கர் விழுகிறது என்று பல்லைக் கடித்தவர்களே, நானும் உங்கள் கட்சிதான். ஒரே வித்தியாசம், என்னைத் தோற்கடித்ததை நானே எழுதினேன்.

வேலை இதுதான். எங்கள் விளையாட்டு விண்வெளியில் நடக்கிறது. உங்களுக்கு ஒரு கிரகம், எதிராளிக்கு ஒரு கிரகம். இருவரும் தாது வெட்ட வேண்டும், எரிவாயு எடுக்க வேண்டும், அவற்றை வைத்துச் சரக்குக் கப்பலும் போர்க்கப்பலும் கட்ட வேண்டும், கடைசியில் ஒருவர் மற்றவரின் கிரகத்தைப் பிடிக்க வேண்டும். எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டர் எவ்வளவு வெட்டுவது, எதைக் கட்டுவது, எப்போது படையெடுப்பது என்று முடிவெடுக்கும் மூளை என் பொறுப்பு. விளையாட்டில் அந்த எதிராளி ஏதோ ஒரு சக்கரவர்த்தி. எங்கள் அலுவலகத்தில் அவர் பெயர் சம்பந்தி. வைத்தவர் ஸ்டெல்லா. விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. "எவ்வளவு குடுத்தாலும் பத்தாது, எப்ப வந்து நிப்பார்னும் தெரியாது" என்று காரணம் சொன்னார். அதற்குப் பிறகு வேறு பெயர் யாருக்கும் வாயில் வரவில்லை.

அலுவலகம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். முதலாளி வரதன், கோவில் வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் திருமண், மேஜையில் மூன்று திரை. பெங்களூர் நிறுவனம் ஒன்று எங்கள் விளையாட்டை வெளியிடுவதாகச் சொல்லியிருந்தது. ஒரு நிபந்தனை. அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்து சம்பந்தியோடு ஆடிப் பார்ப்பார். எதிராளி சுவாரசியமாக இருந்தால் ஒப்பந்தம். இல்லாவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை ஜவுளிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று வரதன் சிரித்த முகத்தோடு அறிவித்திருந்தார். அப்படி நடந்தால் ஸ்டெல்லா, தான் வெறுத்து ஓடிவந்த ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்குத் திரும்ப வேண்டும். நான் கல்லூரியில் போய் சி மொழிப் பாடம் நடத்த வேண்டும். எது பெரிய தண்டனை என்று எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடிக்கொண்டே இருந்தது.

தோற்பதற்குச் சம்பளம்

எடமலைப்பட்டி புதூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் ரிப்பேரில் கைதேர்ந்தவர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். எதிராளி எப்போதும் ஜெயித்தால் ஆடுபவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், எப்போதும் தோற்றால் சலித்துக்கொண்டு போய்விடுவார், ஆகவே கடுமையாகப் போராடி, கடைசி நிமிடத்தில், சந்தேகம் வராதபடி தோற்கவைப்பதுதான் இந்தக் கலையின் உச்சம் என்று ஒரு கால் மணி நேரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மதில் சுவரில் இருந்து கையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நாங்க ஒரு வண்டி லேட்டாப் போனாலே மெமோ குடுப்பாங்க. உங்களுக்குத் தோத்தாச் சம்பளம். நல்லா இருங்க."

ஷோகேஸ் கப்பு

அரசனுக்கு வேண்டியவற்றைப் பட்டியல் போடும் பழைய நூல்களில் படையை முதலில் வைத்துவிடுவார்கள். பட்டியல் போட்டவர்கள் யாரும் படைக்குச் சோறு போட்டதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம். ஆகவே நான் சம்பந்திக்குச் சிக்கனத்தை முதலில் கற்பித்தேன். கையில் இருக்கும் தாதுவை அவசரப்பட்டுச் செலவழிக்காதே, இதைவிடப் பெரிய கப்பல் ஒன்று கட்ட முடியுமானால் அதற்காகச் சேர்த்துவை. படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். இரண்டு பேருக்கு வாசித்துக்கூடக் காட்டினேன்.

கோளாறு என்னவென்றால், இதைவிடப் பெரிய கப்பல் என்று ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருந்தது. சம்பந்தி சேர்த்தார், சேர்த்தார், சேர்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா மூன்று ஓட்டைக் கப்பல்களோடு போய் இறங்கியபோது, சம்பந்தியின் கிரகத்தில் மலை மலையாகத் தாது குவிந்திருந்தது. காவலுக்கு ஒரு தோணிகூட இல்லை. சக்கரவர்த்தி எட்டாவது நிமிடத்தில் சரணடைந்தார். ஸ்டெல்லாவுக்கு ஜெயித்த மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லை. அந்தத் தாதுக் குவியலைக் காட்டிச் சொன்னார்:

"எங்க வீட்டு ஷோகேஸ்ல ஆறு பீங்கான் கப்பு இருக்கு சார். பிஷப்பே வந்தாலும் வெளிய வராது. இவரும் எங்க அம்மா மாதிரிதான்."

பாலம் போடலாம்

சிக்கனத்தை எடுத்துவிட்டு, எதைக் கட்டினால் அதிக வருமானமோ அதைக் கட்டு என்று மாற்றினேன். எதில் வருமானம் அதிகம்? சரக்குக் கப்பலில். போர்க்கப்பல் ஒரு பிடி தாதுகூடக் கொண்டுவராது, உட்கார்ந்து எரிவாயுவைக் குடிக்கும். சம்பந்தி இந்த உண்மையை ஐந்தே நிமிடத்தில் கண்டுகொண்டு சரக்குக் கப்பல்களாகக் கட்டித் தள்ளினார். அரை மணி நேரத்தில் அவருடைய கிரகத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் நின்றன. ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும் என்றும் நான் எழுதியிருந்தேன். மரியாதை நிமித்தம். ஆகவே எல்லாம் எல்லாவற்றுக்கும் வழிவிட்டபடி, ஒன்றும் நகராமல், திரை முழுக்க மினுக்கிக்கொண்டு நின்றன.

அந்த நேரம் பார்த்து காஜா பாய் டீ கொண்டுவந்தார். கீழே இருக்கும் டீக்கடை அவருடையது. கடையில் எத்தனை பேர் நின்றாலும், பதினொரு மணிக்குப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு தானே மாடியேறி வந்துவிடுவார். அந்த நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அரியமங்கலத்தில் இருந்து தினமும் பால்பண்ணை ரவுண்டானா நெரிசலைத் தாண்டி வருகிறவர் என்பதால் திரையில் இருப்பது என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிளாஸில் டீயை ஊற்றிக்கொண்டே தீர்வும் சொன்னார்:

"ஒரு பாலம் போடலாம் தம்பி. போட்டு முடிக்கிறவரைக்கும் இதைவிட மோசமா இருக்கும், அதைச் சொல்லிப்புட்டேன்."

வரதனின் தர்மம்

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியில் இறங்குவார்கள். நானும் இறங்கினேன். ஆடுபவருக்குத் தெரியாமல் சம்பந்தியின் கிடங்கில் தாதுவைக் கொட்டிவிடுவது. முட்டாளாக இருந்தாலும் பணக்கார முட்டாளாக இருந்தால் ஜெயித்துவிடுவார். விளையாட்டுகளில் 'கடினம்' என்று ஒரு நிலை இருக்கிறதே, அதில் பெரும்பாலும் கடினமாக உழைப்பது அந்தக் கொட்டும் கைதான்.

வரதன் இதைக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இது எல்லாரும் செய்வதுதான் என்றேன். கேட்டுக்கொண்டார். பெங்களூர்க்காரருக்குத் தெரியவே தெரியாது என்றேன். அதையும் கேட்டுக்கொண்டார். சுவரில் இருந்த பெருமாள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதர்மமா ஜெயிக்கறதுக்கு எதுக்குங்காணும் ஒரு கம்ப்யூட்டர்? அதுக்கு மனுஷாளே போருமே."

கண்ணாடி

குறுக்குவழி அடைபட்டதும் நேர்வழிக்கு வந்தேன். மனிதர்கள் எப்படி ஆடுகிறார்களோ அதைப் பார்த்துச் சம்பந்தி கற்றுக்கொள்ளட்டும். ஸ்டெல்லாவும் அவரோடு வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேரும் தினமும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து ஆடினார்கள். எத்தனையாவது நிமிடத்தில், எவ்வளவு தாது கையில் இருக்கும்போது, என்ன கட்டினார்கள், படையை எங்கே அனுப்பினார்கள் என்று எல்லாவற்றையும் பதிவு செய்தேன். நடுவில் ஆட்டத்தை நிறுத்தினால் பதிவு அறுந்துபோகும். ஆகவே 'எக்காரணம் கொண்டும் ஆட்டத்தை நிறுத்தி வைக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். இந்த நோட்டீசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதப் பதிவுகளை விழுங்கிய சம்பந்தி புது மனிதராகிவிட்டார். வேண்டிய அளவுக்குத் தாது வெட்டினார், வேண்டிய அளவுக்குக் கப்பல் கட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கப்பலை அனுப்பி, அடுத்த வீட்டில் என்ன சமையல் என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நேராகச் சண்டைக்கும் வரவில்லை. எரிவாயு கிடைக்கும் ஒரே ஒரு துணைக்கோளைச் சத்தமில்லாமல் வளைத்துக்கொண்டு, எதிரியின் கப்பல்கள் எரிபொருள் இல்லாமல் நிற்கும்வரை காத்திருந்தார். ஸ்டெல்லா மூன்று நாள் தொடர்ந்து தோற்றார். இது ஆட்டமே இல்லை, அயோக்கியத்தனம் என்றார். நான் அவருடைய பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துப் போட்டேன். அதே துணைக்கோள், அதே வளைப்பு, அதே காத்திருப்பு. ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார்.

"எங்க நாத்தனார் ஏன் வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டாங்கன்னு இப்பப் புரியுது சார்."

பதினொரு மணி

பெங்களூர்க்காரர் வருவதற்கு ஐந்து நாள் இருந்தது. நான் ஆட்டங்களின் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விசித்திரம் தெரிந்தது. எந்த ஆட்டமானாலும் சரி, ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, தோற்றுக்கொண்டிருந்தாலும் சரி, அறுபதாவது நிமிடத்தில் சம்பந்தி மொத்தப் படையையும் தன் கிரகத்துக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார். பதினைந்து நிமிடம் சும்மா நின்றார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்தில் இருந்து போரைத் தொடர்ந்தார். எரிவாயுக் கணக்கில் பிழை என்று நினைத்தேன். இரண்டு நாள் அதைக் குடைந்தேன். கிடைக்கவில்லை. பிழையைக் கண்டுபிடிக்கும்வரை டீ குடிப்பதில்லை என்று சபதம் செய்தேன். பெரிய காரியங்களுக்கு இப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று படித்திருக்கிறேன்.

சபதம்தான் காப்பாற்றியது. மூன்றாம் நாள் ஸ்டெல்லா சம்பந்தியோடு மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் காஜா பாயின் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா தலையைத் திருப்பாமலே, இடது கையால், தன் எல்லாக் கப்பல்களையும் ஒரே வளைப்பில் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எழுந்து போனார். மற்ற இரண்டு பேரும் அப்படியே. ஆட்டத்தை நிறுத்தக் கூடாதே, நோட்டீஸ் இருக்கிறதே. வெளியே விட்டுவிட்டுப் போனால் யாராவது அடித்துவிடுவார்கள். எல்லாரும் டீக்குப் போய்விட்டதால் டீ குடிக்காத நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் படை இடது பக்கம் திரும்பிப் போயிற்று. அதே நொடியில் சம்பந்தியின் படை வலது பக்கம் திரும்பிப் போயிற்று. நடுவில் விண்வெளி காலியாகக் கிடந்தது. இரண்டு மாதமாகத் தினமும் இவர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள், சம்பந்தி அதையும் கற்றுக்கொண்டிருக்கிறார். பார்க்கத்தான் ஆள் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் கிளாஸோடு ஓடிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வரதன் மட்டும் சிரிக்கவில்லை. சரிசெய்ய எத்தனை நாள் என்று கேட்டார். நோட்டீசைக் கிழித்துவிட்டு, புதிதாகப் பதிவு செய்து, புதிதாகக் கற்பித்து, இன்னும் இரண்டு மாதம். நமக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றார். அவர் குரல் இப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. காஜா பாய் பிளாஸ்கைத் திறந்துகொண்டே கேட்டார்:

"அப்ப அவருக்கும் ஒரு டீ ஊத்தவா தம்பி?"

கிருபாகரன் டீ குடிப்பதில்லை

காஜா பாயின் கேள்வியில் இருந்து திட்டம் பிறந்தது. சம்பந்தி டீ குடிக்கும் அதே நேரத்தில் பெங்களூர்க்காரரும் டீ குடித்துவிட்டால், அந்தப் பதினைந்து நிமிடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. பத்து மணிக்கு ஆட்டம் ஆரம்பம். பதினொரு மணிக்கு அடுத்த அறையில் டீ, சூடான வெங்காய பஜ்ஜி. அவரை எழுப்பிக் கூட்டிப் போக வேண்டியது ஸ்டெல்லாவின் பொறுப்பு. இது அதர்மமா என்று வரதனிடம் கேட்டேன். வந்தவருக்கு உபசாரம் செய்வதில் என்ன அதர்மம் என்றார்.

வந்தவர் கிருபாகரன், சேலத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். இருபது வருடமாக இந்த மாதிரி விளையாட்டுகளிலேயே குடியிருப்பவர். முதல் சோதனையை வரதனே உண்டாக்கினார். ஊருக்கு வந்தவரைப் பெருமாளைச் சேவிக்காமல் உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. சேவித்துவிட்டு வருவதற்குள் பத்தே கால் தாண்டி, பத்து இருபத்தைந்துக்குத்தான் ஆட்டம் ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு வந்து நின்ற காஜா பாயை, பதினொன்று இருபத்தைந்துக்கு வரும்படி கைஜாடையில் திருப்பி அனுப்பினேன். வாழ்நாளில் முதல்முறையாகத் தாமதமாக வரச் சொல்லப்பட்ட வேதனை அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் சரியாக இருபத்தைந்துக்கு வந்தார். ஸ்டெல்லா கிருபாகரன் தோள் பக்கம் குனிந்து, டீ ரெடி சார், பஜ்ஜி ஆறிடும் என்றார்.

கிருபாகரன் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் டீ, காபி எதுவும் குடிப்பதில்லை, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது என்றார். அவருடைய கிரகத்தில் அப்போது கடைசி இரண்டு நகரங்கள்தான் மிச்சம். சம்பந்தி மூன்று பக்கமும் வளைத்து நின்றார். இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வரதன் கண்ணை மூடிக்கொண்டார். அறுபதாவது நிமிடம் வந்தது. மொத்தப் படையும், ஒரு கப்பல் பாக்கி இல்லாமல், வளைந்து திரும்பி வீட்டுக்குக் கிளம்பியது.

கிருபாகரன் கையை மவுசில் இருந்து எடுத்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். சுவரில் என் கையெழுத்தோடு நோட்டீஸ் இருந்தது. "பொறி வைக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் மறுபடியும் திரைக்குள் போய்விட்டார். சம்பந்தியின் படை திரும்பிப் போன பாதை நெடுகக் கிருபாகரன் காவல்கோபுரம் கட்டினார். கையில் இருந்த தாதுவை எல்லாம் அதிலேயே கொட்டினார். எதிரி எந்தப் பக்கம் பாய்வான் என்று நகத்தைக் கடித்தார். பதினைந்து நிமிடம் அவர் வியர்த்ததைப்போல் போர் நடந்தபோதுகூட வியர்க்கவில்லை. இதற்குள் எரிவாயுத் துணைக்கோளைக் காவல் காக்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பதினாறாவது நிமிடம் சம்பந்தி, ஸ்டெல்லாவின் மாணவர் அல்லவா, நேராக அங்கேதான் போனார்.

தோற்றுப்போன கிருபாகரன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நல்ல சிரிப்பு. இருபது வருடத்தில் இப்படி ஒரு எதிராளியைப் பார்த்ததில்லை, அந்தப் பின்வாங்கலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் என்றார். கையில் வெற்றியை வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறதே, இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்டெல்லாவுக்கு இருமல் வந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். வரதன் கண்ணைத் திறந்து, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்:

"க்ஷமைன்னு பேர் ஸ்வாமி. மன்னிச்சு விடறது எங்களவாளுக்கு ரொம்ப முக்கியம்."

பிறகு

ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, கல்லூரி மாணவர்கள் என்னிடம் இருந்து தப்பித்தார்கள், சாவி வரதனிடமே இருக்கிறது. விண்வெளியை ஆள எவ்வளவு தாது, எவ்வளவு எரிவாயு வேண்டும் என்று வருடக்கணக்கில் கூட்டிக் கழித்த நான், எவ்வளவு டீ வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

அடுத்த பதிப்புக்கான ஆட்டப் பதிவு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. காஜா பாய் டீயோடு சமோசாவும் கொண்டுவர ஆரம்பித்திருக்கிறார். சம்பந்தி இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார்.